மறுபத்தியச் சோறு

காமாலை வந்தபோது எனக்கு இருபது வயது. எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வேலைக்குக் கூப்பிடும் கார்டு எப்போது வரும் என்று காத்துக்கொண்டு ஆரணியில் வீட்டோடு இருந்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. அண்ணன் நெய்வான். நான் குறுக்கே ஓடும் ஊடைக்கு வேண்டிய பட்டு நூலைக் குழலில் சுற்றிக் கொடுப்பேன். அண்ணி சமையலையும் பார்த்துக்கொண்டு தறிக்கும் கூடமாட உட்காருவாள். அப்பா இறந்து வெகுநாளாகியிருந்தது. வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம்.

அண்ணிக்குப் போளூர் பக்கம். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அம்மா அதை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. எதிர்வீட்டு மருமகள் இரண்டாவது பெற்றதை அண்ணி காதில் விழும்படி நாலு பேரிடம் சொல்வாள், அவ்வளவுதான். அப்போதெல்லாம் அண்ணி என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தோம்.

நோயைக் கண்டுபிடித்ததும் அவள்தான். நாலு நாளாகச் சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கிணற்றடி வெளிச்சத்தில் என் முகத்தைத் திருப்பி, கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னா இது, மஞ்சத்தூள் போட்டாப்பல கீது! அத்தை, ஜல்தி வாங்களேன்."

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, எண்ணெய் இல்லாமல் சாப்பிட்டு ஓய்வாக இருக்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு அது போதவில்லை. செய்யாறு போகிற வழியில் ஒரு கிராமத்தில் காமாலைக்கு மருந்து கொடுக்கும் வைத்தியர் இருந்தார். அவரிடம் என்னை அழைத்துப் போனாள். அண்ணியும் வந்தாள். அவர் என் நகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு என்னிடம் எதுவும் சொல்லாமல், "சமையல் யாரு?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றாள் அண்ணி.

"அப்ப நீ கேட்டுக்கோ. மருந்து மூணு வாரம். அது வரிக்கும் உப்பு, புளி, காரம், எண்ணெ ஒண்ணும் கூடாது. மருந்து முடிஞ்சா எல்லாம் முடிஞ்சிதுன்னு நெனைக்காத. அதுக்கப்புறம் மூணு வாரம் மறுபத்தியம். மருந்துல பொழைச்சவன் மறுபத்தியத்துல செத்திருக்கான். ஒவ்வொண்ணா சேர்க்கணும். வயிறு இப்ப பச்சக் கொழந்த."

அவர் சொல்லச் சொல்ல, அண்ணி ஒரு நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். முதல் மூன்று நாள் ஒரு கரண்டி குழைந்த சோறு, மோர். நாலாம் நாள் வறுத்த உப்பு. மூன்று நாளைக்கு ஒரு தரம் அரைக் கரண்டி சோறு கூட. ஏழாம் நாளுக்கு மேல் பருப்புத் தண்ணீர், அவரைப் பிஞ்சு. பதினைந்துக்கு மேல் ஒரு சொட்டு நெய். கடைசி வாரத்தில் சுட்ட புளி. மீன், முட்டை மூன்று மாசத்துக்குக் கிடையாது. அந்தத் தாளைச் சமையல்கட்டில் அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் குத்தி வைத்தாள்.

மருந்து குடித்த மூன்று வாரம் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. பசி இருந்தால்தானே உப்பில்லாதது உறைக்கும். அண்ணி எதிரே உட்கார்ந்துகொண்டு, "மூக்கப் புடிச்சிகினு முழுங்கு, மாமியா ஊட்டுல இதைவிட மோசமா போடுவாங்க" என்பாள். நானும் முழுங்கினேன். கண் வெளுத்தது.

கஷ்டம் மறுபத்தியத்தில்தான் ஆரம்பித்தது. நாலாம் நாள் அந்த வறுத்த உப்பு நாக்கில் பட்டதும் உடம்பு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அதற்குப் பசி என்று பேர் சொன்னால் போதாது. ஒன்றரைக் கரண்டி சோற்றைத் தின்று முடித்த நிமிஷமே அடுத்த வேளைக்கு எவ்வளவு நேரம் என்று எண்ணுவேன். பக்கத்து வீட்டில் தாளிக்கிற கடுகின் எண்ணிக்கைகூடத் தெரிவது போலிருக்கும். நோயாளிக்குப் பசி வந்தால் நல்லது என்பார்கள். நல்லதுதான், ஆனால் அதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பிடித்து வைத்திருக்க வேண்டும்.

"அண்ணி, இன்னும் ஒரு கை போடுங்க."

"நாளைக்கு அரைக் கரண்டி கூட வருது. இன்னிக்கி இல்ல."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"உன் வயித்துக்குத் தெரியும்" என்று பானையை மூடிவிடுவாள்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் ஏரி மீன் வாங்கி வந்திருந்தான். குழம்பு கொதிக்கிற வாசனையில் நான் பின்பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன். இருபது வயதுப் பெண் மீன் குழம்புக்கு அழுதாள் என்று இன்று எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அண்ணி என் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பருப்புத் தண்ணீர் சோற்றின் மேல் நெய் மினுமினுத்தது. தாளின்படி நெய்க்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"அரை ஸ்பூன்தான். அழுவாத. அத்தை கிட்ட சொல்லாத" என்றாள்.

மறுநாள் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. அம்மாவும் அண்ணியும் காலையிலேயே போய்விட்டார்கள். அண்ணி எனக்கு அளந்து வைத்த சோறு தட்டுப் போட்டு மூடியிருந்தது. அதைப் பத்து மணிக்கே தின்றுவிட்டேன். முன்கட்டில் அண்ணன் தறி ஓடிக்கொண்டிருந்தது. உறியில் முந்தின நாள் மீன் குழம்புச் சட்டி தொங்கியது.

நான் அதை இறக்கினேன். சுண்டி, கெட்டியாகி, மேலே எண்ணெய் படிந்திருந்தது. பானையில் இருந்த சோற்றை அள்ளி, சட்டிக்குள்ளேயே போட்டுப் பிசைந்து, நின்றபடியே தின்றேன். நடுவில் தறிச் சத்தம் நின்றது. வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே நின்றேன். அண்ணன் அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டிருப்பான். மறுபடி ஓட ஆரம்பித்தது. நானும் ஆரம்பித்தேன். இரண்டு துண்டு மீன், சட்டியை விரலால் வழித்தது வரை எல்லாம். பிறகு நான் செய்ததைத்தான் என்னால் எப்போதும் சுலபமாகச் சொல்ல முடிந்ததில்லை. சட்டியைத் தரையில் சாய்த்து வைத்தேன். மூடியைத் தள்ளிப் போட்டேன். பூனை தின்றது போல.

சாயங்காலம் வந்த அண்ணி, "பாழாப்போன பூன" என்று திட்டிக்கொண்டு சட்டியைக் கழுவினாள். அதிலிருந்து மூன்றாம் நாள் எனக்கு வாந்தி. ஐந்தாம் நாள் காய்ச்சல், கண் மறுபடி மஞ்சள். இந்தத் தடவை எழுந்து உட்கார முடியவில்லை. அம்மா ஆள் விட்டு வைத்தியரையே வீட்டுக்கு வரவழைத்தாள். அவர் என் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"வாயில என்னமோ தப்பு பூந்திருக்கு. கூடாதது குடுத்தீங்களா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணி தாளை ஆணியிலிருந்து எடுத்துவந்து, ஒவ்வொரு நாளாகச் சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஒன்பதாம் நாளுக்கு வந்ததும் குரல் இறங்கியது.

"அன்னிக்கி அரை ஸ்பூன் நெய் ஊத்தினேங்க. அழுதாளேன்னு."

அம்மா எழுந்து நின்றாள். "எழுதிக் குடுத்தது எதுக்குடி? ஒரு வாரம் பொறுக்க முடியலியா உனக்கு? வயித்துல ஒண்ணு சுமந்திருந்தா பெத்தவ வயிறு எரியறது தெரியும்."

மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டாள். அண்ணன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து வாசற்படியில் நின்றான். அண்ணி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடி, "கொஞ்ச நாளைக்கு உங்க ஊட்டுக்குப் போயிட்டு வா. இங்க பேஜாரா கீது" என்றான்.

மறுநாள் காலை ஒரு துணிப்பையோடு என் பாய்க்கு அருகில் வந்து குனிந்தாள்.

"மன்னிச்சிக்கோம்மா. உன்ன பாத்தா பாவமா இருந்துச்சு. இப்டி ஆவும்னு தெரியல. சாமி சத்தியமா தெரியல."

எனக்கு வாய் இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நோயில் இருக்கிறாள், பேச முடியவில்லை என்று அவள் நினைத்திருப்பாள்.

இரண்டாவது முறையும் மூன்று வாரம் மருந்து. அம்மா சமைத்தாள். மறுபடியும் கண் வெளுத்தது, மறுபடியும் மறுபத்தியம் வந்தது. அதே தாள், அதே ஆணி, அண்ணியின் கையெழுத்து. ஆனால் இந்த முறை என்னால் தின்ன முடியவில்லை. நாலாம் நாள் வறுத்த உப்பு போட்டபோது எதுவும் எழுந்து உட்காரவில்லை. ஒரு கரண்டியில் பாதி போனதும் தட்டை நகர்த்திவிடுவேன். ஒன்றரைக் கரண்டிக்கு வர வேண்டிய நாளில் அரைக் கரண்டியில் நின்றேன். தின்றால் மறுபடி வந்துவிடும் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. தட்டில் சோறு விழுந்ததும், அது எனக்கு வைத்த சோறு இல்லை, நான் இன்னொருத்தியைத் துரத்திவிட்டு உட்கார்ந்து தின்கிற சோறு என்று தோன்றும். அதற்கு மேல் கவளம் இறங்காது.

அம்மா வாயில் திணிப்பாள். நான் பின்பக்கம் போய்த் துப்புவேன். ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது. தலை வாரினால் முடி சீப்போடு வந்தது. வைத்தியரிடம் அம்மா அழுதாள்.

"நோயி போயிடுச்சும்மா. இனிமே மருந்து என் கிட்ட இல்ல. சோறுதான் மருந்து. கொஞ்சங் கொஞ்சமா ஏத்து. ஏறலன்னா நான் இன்னா பண்றது?" என்றார் அவர்.

அண்ணன் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. இழை அறுந்தால் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் தறி பாதி நேரம் நின்றே கிடந்தது. ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டான்.

"அரை ஸ்பூன் நெய்யி அவ்ளோ பண்ணுமா?"

"தெரியலண்ணா" என்றேன்.

அவன் எழுந்து தறிக்குப் போனான். அன்று சாயங்காலம் அம்மா வைத்த சோற்றில் ஒரு பருக்கையைக்கூட நான் தொடவில்லை.

ஐப்பசி பிறந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போளூர் பஸ் ஏறினேன். கம்பியைப் பிடித்து ஏறுவதற்குள் கண் இருட்டியது. கண்டக்டர் ஒரு கிழவரை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தார். போளூரில் இறங்கி, அண்ணியின் ஊருக்கு இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நடந்தேன்.

அவள் வாசலில் மல்லாட்டைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறம் கவிழ எழுந்தாள்.

"ஐயோ, இன்னா இப்டி ஆயிட்ட! தனியாவா வந்த? யாரு உன்ன உட்டது?"

என் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தாள். அடுப்பு மூட்டி நொய்க் கஞ்சி காய்ச்சினாள். கிளறிக்கொண்டே, "மறுபத்தியம் எத்தினியாவது நாளு? உப்பு சேத்தாச்சா? வறுத்த உப்புதான?" என்று கேட்டாள். பன்னிரண்டாம் நாள் என்றேன். உப்பை வெறும் சட்டியில் வறுத்து, இரண்டு விரலால் எடுத்துப் போட்டாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணி, நெய்யில்ல. நான் மீன் கொழம்பு தின்னேன். காதுகுத்துக்குப் போன அன்னிக்கி. பூன தின்னல. நான்தான் தின்னேன்."

அவள் முகத்தில் முதலில் எதுவும் மாறவில்லை. சொன்னதை மறுபடி ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறவள் போல இருந்தாள்.

"சட்டி கீழ கெடந்துதே."

"நான்தான் போட்டேன்."

எழுந்து வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

"ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. நான் ஒரு பொண்ண சாவடிச்சிட்டேன்னு நெனச்சிகினு கீறேன். எங்கப்பன் கேட்டாரு, நீ இன்னா பண்ணிட்டு வந்தன்னு. நெய் ஊத்தினேன்னு சொன்னேன். நெய் ஊத்துனதுக்கா அனுப்பிட்டாங்கன்னு அவரு உங்க ஊட்டு மேல கோவப்பட்டாரு. நான்தான், இல்லப்பா, என் மேலதான் தப்புன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன்டி."

அதற்கு முன் அவள் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. நான் அழ ஆரம்பித்தேன்.

"அழுவாத. அழுதா எனக்கு எரியுது. கஞ்சியக் குடி."

"எறங்கல அண்ணி."

"எறங்கும். குடி."

குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். டம்ளர் காலியாகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "எந்திரி, பஸ்ஸ வுட்டுடுவ. ஊட்டுக்குப் போயி உங்கம்மா கிட்டயும் உங்கண்ணன் கிட்டயும் சொல்லு. நான் வந்து சொல்ல மாட்டேன். அவரு வந்து கூப்ட்டாதான் வருவேன்" என்றாள்.

அன்றே சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, "சொன்னது சொல்லிட்ட. இதோட உடு. வெளில தெரிஞ்சா உனக்கு எவன் வருவான்? தீபாவளிக்கு எப்டியும் அவ வந்துதான ஆவணும்" என்றாள். அண்ணன் எழுந்தான். கையைக் கழுவினான். கொடியில் இருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து அண்ணியும் அவனும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். அம்மா மருமகளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மன்னிப்பு என்று எதையும் வாயால் சொல்லவில்லை. அந்தக் காப்பியை அண்ணி குடித்தாளா என்று எனக்கு நினைவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணி சமையல்கட்டுக்குள் போய்த் தாளை எடுத்து, அதில் கணக்கை முதலிலிருந்து மாற்றி எழுதினாள். மூன்று நாளுக்கு அரைக் கரண்டி என்று இருந்ததை நாலு நாளாக்கினாள். எனக்கு மறுபத்தியம் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கியது.

எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. தட்டை வைக்கும்போது அளவை மட்டும் சொல்வாள். "ஒண்ணு." நாலு நாள் கழித்து, "ஒண்ணரை." எதிரே உட்காருவாள். நான் தின்னும்வரை என் தொண்டையைத்தான் பார்ப்பாள். முன்பு நக்கல் பேசிச் சிரிக்க வைத்து ஊட்டியவள்தான். இப்போது காவல் இருந்தாள். நான் மீதி வைக்கப் பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், எழுந்தும் போக மாட்டாள். அரை மணி ஆனாலும் உட்கார்ந்திருப்பாள். அண்ணன் தறியில் இழை அறுந்து கூப்பிட்டாலும், "வரேன், இருங்க" என்பாள். அதனால் நான் தின்றேன். ருசிக்காகத் தின்னவில்லை, பசிக்காகவும் இல்லை. அவளை அங்கிருந்து எழுப்பிவிட வேண்டும் என்று தின்றேன். தின்னத் தின்ன, எப்போது என்று தெரியாமல், பசியும் வந்தது.

"ரெண்டு" என்று சொன்ன அன்று நான் முழுசாக முடித்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கிணற்றடியில் அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

அந்தத் தீபாவளிக்கு எனக்கு எண்ணெய்க் குளியல் இல்லை, அதிரசம் இல்லை. அவரைப் பிஞ்சு சேர்த்த நாளில் பயந்து பாதி ராத்திரி வரை வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நெய் வந்தது, இந்த முறை எழுதிய நாளில், எழுதிய அளவில். நெய்க் கிண்ணத்தை அவள் என் முன்னால் வைத்து, "நீயே ஊத்திக்கோ" என்றாள். நான் ஊற்றியதில் நாலு சொட்டு தட்டுக்கு வெளியே விழுந்தது. சுட்ட புளி, பிறகு சாதாரண உப்பு, பிறகு ஒரு மிளகாய். கார்த்திகை கடைசியில் தலைக்கு ஊற்றினார்கள். தை பிறந்தபோது ஜாக்கெட் தோளில் நின்றது. அண்ணி தாளை ஆணியிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை வந்தது. அண்ணி ஒரு பையனைப் பெற்றாள். அம்மா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். பிள்ளை பெற்ற பத்தியத்துக்கு லீவு போட்டு வந்து நான் சமைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். "எங்கம்மா வராங்க, உனக்கு எதுக்கு சிரமம்" என்று பதில் வந்தது. வார்த்தையில் குற்றமில்லை. ஊருக்குப் போனால் எனக்கு எப்போதும் போல நன்றாகத்தான் சமைத்தாள். ஆனால் பரிமாற மாட்டாள். பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு, "போட்டுக்கோ" என்பாள்.

ஆறேழு வருஷம் கழித்து எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஒரு இளம் டாக்டர் வந்தார். இரண்டு பிள்ளைகளுக்குக் காமாலை இருந்தது. பேச்சோடு பேச்சாக என் கதையைச் சொன்னேன். மீன் குழம்பையும் சேர்த்தே சொன்னேன். அவர் சிரித்தார். சில பேருக்கு அந்த நோய் ஒரு தரம் போய் மறுபடி தானாகவே வரும், குழம்பு தின்றதால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார்.

அந்தச் சனிக்கிழமையே ஆரணிக்குப் போனேன். அண்ணி ஆட்டுக்கல்லில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மீனும் காரணம் இல்லை, நெய்யும் காரணம் இல்லை, அது தானாகவே வந்திருக்கும் என்றேன். அவள் குழவியை நிறுத்தவில்லை.

"அப்டியா சொன்னாரு?"

"ஆமா அண்ணி."

இரண்டு சுற்று சுற்றினாள். பிறகுதான் கை நின்றது.

"நீ மீனு தின்னதுக்கு நான் ஒரு நாளும் கோச்சிக்கலியே. பசிக்குத் தின்ன. நான் பைய எடுத்துகினு உன் கிட்ட வந்து குனிஞ்சேனே, அப்ப நீ செவுத்துப் பக்கம் திரும்பிகினியே. டாக்டரு அதுக்கு இன்னா சொன்னாரு?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள். பையன் தெருவில் விழுந்து அழுகிற சத்தம் கேட்டது. கையெல்லாம் மாவாக இருந்ததால், "போயி அவனத் தூக்கிகினு வா" என்று என்னிடம் சொன்னாள். நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன்.